நஞ்சைக் கைமாற்றும் நுண்ணுயிர்

பாதரசத்தை அறியாதார் நம்மிடையே இலர். காய்ச்சலை அளந்த கண்ணாடிக் குழாயிலே வெள்ளிக் கோடாக ஏறி இறங்கியது அதுவே. பொற்கொல்லர் பட்டறையிலே புழுதியோடு கலந்து கிடந்த பொற்றூளைத் தன்னுட் கவர்ந்து சேர்த்துக் கொடுத்ததும் அதுவே. சித்த வைத்தியரும் யூனானி ஹக்கீம்களும் அதனைப் பலவாறு பக்குவஞ்செய்து மருந்தாக்க முயன்றனர். இரசவாதிகளோ அதிலிருந்து பொன்னையே ஆக்கிவிடலாமெனக் கனவு கண்டனர். தரையிலே சிந்தினால் நூறு முத்துக்களாகச் சிதறி ஓடும் அதன் அழகைக் கண்டு மயங்காத சிறுவன் இல்லை.

ஆயினும், அழகிய இப்பொருள் உயிர்களுக்கெல்லாம் பொல்லாத பகையாகும். மனிதனுக்கு மட்டுமன்று, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களுக்கும் அது நஞ்சே. முற்காலத்து வைத்தியர்கள் சத்திரசிகிச்சைக் கருவிகளையும் கைகளையும் இரசக் குளோரைட்டுக் கரைசலாற் கழுவியதும் அது கிருமிகளைக் கொன்றதனாலேயே. அவ்வாறிருக்க, அதே நஞ்சு கலந்த நீரிலும் சேற்றிலும் சில பற்றீரியாக்கள் நலமே வாழ்ந்து பெருகுகின்றன. இஃது எவ்வாறு இயலும்? இக்கேள்விக்கு விடை தேடிய விஞ்ஞானிகள் கண்ட உண்மைகள் வியப்பூட்டுவன. மருதமுனை முதல் பொத்துவில் வரை, கடலையும் கடல் மீனையும் நம்பி வாழும் நம் கரையோர மக்களுக்கு அவை வியப்பு மட்டுமல்ல, எச்சரிக்கையுமாகும்.

கந்தகத்தின் மேல் ஒரு பற்று

எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கூறப்படும் அறபு அறிஞர் ஜாபிர் இப்னு ஹையானின் பெயரால் வழங்கும் நூல்கள், உலோகங்கள் யாவும் இரசமும் கந்தகமும் சேர்ந்து பிறந்தவை என்று கூறின. அக்கொள்கை பிழையென்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஆனால் இரசத்திற்கும் கந்தகத்திற்குமிடையே தீராத பற்று ஒன்று உண்டு என்பது மட்டும் முற்றிலும் மெய். சாதிலிங்கம் என நாம் வழங்கும் செந்நிறக் கனியம் இவ்விரண்டும் கூடியதே. 1830-களில் டென்மார்க்கு நாட்டு இரசாயன அறிஞர் சைசே, கந்தகம் அடங்கிய ஒருவகைச் சேர்வைகளுக்குப் பெயர் சூட்டும்போது, "இரசத்தைப் பற்றுவது" என்ற பொருள்பட இலத்தீன் மொழியிலிருந்தே "மேர்கப்டன்" என்னும் பெயரை ஆக்கினார்.

இரசம் நஞ்சாவதன் இரகசியமும் இந்தப் பற்றிலேதான் இருக்கின்றது. நம் உடலின் வேலைகளையெல்லாம் நடத்துவன புரதங்கள். புரதமென்பது அமினோவமிலங்கள் என்னும் மணிகள் கோத்த மாலை. அம்மணிகளுள் ஒன்றாகிய சிஸ்டீன் தன் நுனியிலே கந்தகத்தைத் தாங்கி நிற்கின்றது. உடலினுட் புகுந்த இரசம் அக்கந்தகத்தை நாடி ஓடி இறுகப் பற்றிக்கொள்கின்றது. பூட்டினுள்ளே உருக்கிய ஈயத்தை ஊற்றினால் திறவுகோல் எவ்வாறு நுழையும்? அதுபோலவே, இரசம் பற்றிய புரதமும் தன் வேலையைச் செய்ய வலிமையற்றுக் கிடக்கும். மூளையும் நரம்பும் சிறுநீரகமும் இதனாலேயே பழுதடைகின்றன.

குறட்டிலிருந்து குறட்டுக்கு

1972 இல் ஆன் சம்மர்ஸ், சைமன் சில்வர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், மனிதக் குடலிலும் வாழும் ஒருவகைப் பற்றீரியாவை இரசம் கலந்த திரவத்திலே வளர்த்தனர். சிறிது நேரத்தில் திரவத்திலிருந்த இரசம் குறையலாயிற்று. அது எங்கே போயிற்று? பற்றீரியாக்கள் அதனை ஆவியாக்கிக் காற்றிலே விட்டுவிட்டன என்பதை அவர்கள் காட்டினர். அதற்கு முன்னரே, 1968 இல், ஜப்பானிய ஆய்வாளர்களும் மண்ணிலிருந்து எடுத்த பற்றீரியாவிலே இத்தகைய ஆற்றலைக் கண்டிருந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளிலே இந்த அற்புதத்தின் நுட்பம் படிப்படியாக விளங்கலாயிற்று.

இத்தகைய பற்றீரியாவின் கலத்தினுள்ளே "மேர்" எனப்படும் ஒரு பரம்பரையலகுக் கூட்டம் உண்டு. அதன் வாயிலிலே ஒரு காவற் புரதம் அமர்ந்திருக்கின்றது. இரசம் இல்லாத காலத்தில் அது வாயிலை அடைத்துவைக்கும். ஏனெனின், வேண்டாத கருவிகளைச் செய்து குவிப்பது கலத்துக்கு வீண்செலவு. சூழலிலே நூறு கோடியில் இரண்டொரு பங்கு இரசம் தோன்றினாலும் போதும். காவலன் அதனைத் தன் மூன்று கந்தகக் கைகளாற் பற்றி உணர்ந்து, தான் அமர்ந்திருக்கும் பரம்பரையிழையைச் சற்றே முறுக்கவிழ்த்து, வேலை தொடங்கட்டும் எனக் கட்டளையிடும். உடனே கருவிகள் ஒவ்வொன்றாக உருவாகும்.

இனி நிகழ்வதுதான் விந்தை. பகைவனை வெளியிலேயே தடுத்து நிறுத்துவதன்றோ காவலின் இலக்கணம்? இப்பற்றீரியாவோ நஞ்சை உள்ளே அழைத்துச் செல்கின்றது! ஆனால் வெறுமனே உள்ளே விடுவதில்லை. பொற்கொல்லர் செந்தணலாகக் காய்ந்த மூசையை ஒரு குறட்டாற் பற்றி, மற்றவர் நீட்டும் குறட்டிலே கொடுப்பதை எண்ணிப் பாருங்கள். தணல் எவர் கையிலும் படுவதில்லை. இடையிலே கீழே விழுவதுமில்லை. பற்றீரியாவின் வழியும் இதுவே.

கலத்தின் வெளிச்சுவருக்கும் உட்சவ்வுக்கும் இடைப்பட்ட வெளியிலே ஒரு சிறிய புரதம் உலாவுகின்றது. அதன் மாலையில் மணிகள் 72 மட்டுமே. அதிலுள்ள இரண்டு சிஸ்டீன்களும் குறட்டின் இரு தாடைகள் போன்று இரசத்தைக் கவ்விக்கொள்ளும். அப்புரதம் தன் சுமையை உட்சவ்விலே பதிந்துள்ள மற்றொரு புரதத்திடம் கொடுக்கும். அதுவும் சிஸ்டீன் சோடிகளாலேயே அதனை ஏற்றுச் சவ்வைக் கடக்கச் செய்து உள்ளே நீட்டும். அங்கே காத்திருக்கும் நொதியமும் சிஸ்டீன் சோடி ஒன்றினாலேயே அதனை வாங்கிக்கொள்ளும். இவ்வாறு குறட்டிலிருந்து குறட்டுக்கு மாறிச் செல்லும் நஞ்சு, வழியிலே கலத்தின் வேறெந்தப் புரதத்தையும் தீண்டுவதற்கு இடமின்றிப் போகின்றது.

கடைசியில் நிற்கும் அந்த நொதியமே இந்நாடகத்தின் தலைவன். அஃது உப்பு வடிவிலுள்ள இரசத்திற்கு இரண்டு இலத்திரன்களைக் கொடுத்துத் தாழ்த்தி, அதனைத் தூய உலோக இரசமாக்கி விடுகின்றது. உலோக இரசத்திற்குக் கந்தகத்தின் மேல் அத்துணைப் பிடிப்பில்லை. அது இலேசாக ஆவியாகிச் சவ்வைக் கடந்து வெளியேறிவிடுகின்றது. நொதியத்திற்கு வேண்டிய இலத்திரன்கள் கலத்தின் உட்புறத்திலேயே கிடைப்பன. நஞ்சை உள்ளே கொண்டுவர வேண்டியிருப்பது அதனாலேயே.

இம்முறையில் ஆபத்தும் இல்லாமலில்லை. சோதனையிலே ஆய்வாளர்கள் அழைத்துவரும் புரதங்களை மட்டும் விட்டுவைத்து, உள்ளிருக்கும் நொதியத்தை நீக்கிப் பார்த்தனர். அப்பற்றீரியாக்கள் சாதாரணப் பற்றீரியாக்களைக் காட்டிலும் குறைந்த இரசத்திலேயே மடிந்தன. வாயிலைத் திறந்துவைத்து உள்ளே ஆளில்லாமற் போனால் வீடு பாழாகுமன்றோ?

ஆவி எங்கே போகின்றது?

இதனைப் படித்த மாணவர் சிலர், "அப்படியானால் பற்றீரியா நஞ்சை அழித்துவிட்டது" என எண்ணக்கூடும். அவ்வாறன்று. இரசம் ஒரு மூலகம். அதனை எரித்தாலும் அழியாது, உடைத்தாலும் வேறாகாது. பற்றீரியா தன் வீட்டுக் குப்பையைத் தெருவிலே கொட்டியது போன்றதே இது. காற்றிலே கலந்த இரச ஆவி மாதக்கணக்காக உலகைச் சுற்றி அலைந்து, மீண்டும் உப்பாக மாறி, மழையோடு நிலத்திலும் கடலிலும் வந்து விழுகின்றது. எரிமலைகளும் அதனை உமிழ்கின்றன. நிலக்கரி எரிக்கும் ஆலைகளும், இரசத்தைக் கொண்டு பொன் எடுக்கும் சுரங்கத் தொழிலும் மனிதன் சேர்க்கும் பங்கிலே பெரும்பகுதியைத் தருகின்றன. ஆகையால் எங்கோ ஒரு நாட்டின் புகைபோக்கியில் எழுந்த இரசம் வங்காள விரிகுடாவில் இறங்குவதிலே வியப்பில்லை.

கடலிலும் களப்பிலும் இறங்கிய இரசத்திற்குப் பிராணவாயு எட்டாத சேற்றிலே வேறொரு விதி காத்திருக்கின்றது. அங்கே வாழும் சில நுண்ணுயிர்கள் அதனை ஆவியாக்குவதற்கு மாறாக, காபனோடு இணைத்து மீதைல் இரசமாக்குகின்றன. இச்செயலை நுண்ணுயிர்கள் புரிகின்றன என்பதை 1969 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களாகிய யென்சன், யேர்னலோவ் ஆகியோர் வெளியிட்டனர். அதற்குக் காரணமான இரண்டு பரம்பரையலகுகள் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்து விஞ்ஞானிகளால் 2013 இலேதான் அடையாளம் காணப்பட்டன.

மீதைல் இரசமே இரசத்தின் வடிவங்களுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று. அது சிஸ்டீனோடு சேரும்போது, உடலுக்கு வேண்டிய வேறோர் அமினோவமிலத்தின் வேடம் பூண்டு மூளையின் காவல் வேலியையும் தாயின் நச்சுக்கொடியையும் கடந்துவிடுகின்றது. சேற்றிலிருந்து பாசிக்கும், பாசியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செல்லச் செல்ல அதன் அளவு பன்மடங்கு பெருகுகின்றது.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் நிகழ்ந்தது இதுவே. அங்கிருந்த சிசோ என்னும் ஆலை, 1932 முதல் 1968 வரை அசற்றல்டிஹைட்டு என்னும் பொருளைச் செய்தபோது மீதைல் இரசம் கலந்த கழிவைக் கடலிலே விட்டது. முதலில் மீன் தின்ற பூனைகள் பித்துப் பிடித்தாற்போல் ஆடி விழுந்து மடிந்தன. பின்னர் மீனவர் குடும்பங்களிலே கைகால் நடுக்கமும் பார்வைக் குறைவும் பேச்சுத் தடுமாற்றமும் தோன்றின. 1956 மே முதலாந் திகதி அந்நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. ஆலைக் கழிவே காரணமென அரசாங்கம் ஒப்புக்கொள்ள மேலும் 12 ஆண்டுகள் சென்றன. ஈராக்கிலும், 1971-72 இல், பூஞ்சணம் பிடியாதிருக்க மீதைல் இரச மருந்து பூசிய விதைக் கோதுமையை ஏழை மக்கள் ரொட்டி சுட்டுத் தின்றதால் 6,530 பேர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டு, அவர்களுள் 459 பேர் இறந்தனர்.

இந்த மீதைல் இரசத்தையும் வெல்லும் பற்றீரியாக்கள் உள. முன்னர்க் கூறிய கருவிகளோடு மற்றொரு நொதியத்தையும் அவை பெற்றிருக்கின்றன. அது காபனுக்கும் இரசத்திற்கும் இடையிலுள்ள பிணைப்பை வெட்டி, ஒருபுறம் மெதேன் வாயுவையும் மறுபுறம் சாதாரண இரசத்தையும் பிரித்துவிடுகின்றது. அவ்வாறு பிரிந்த இரசத்தைக் குறடுகளும் தாழ்த்தும் நொதியமும் பார்த்துக்கொள்ளும்.

அண்டை நாட்டுப் பாடம்

மினமாட்டாவும் ஈராக்கும் தொலைவிலுள்ளவை எனச் சொல்லி அமைதியடைய நம்மால் இயலாது. தமிழ்நாட்டின் கொடைக்கானல் மலையிலே, 1980-களில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அது பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சு மாதத்தில், அவ்வாலையிலிருந்து வந்த இரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடிகள் பழைய பொருள் வாங்கும் கடையொன்றிலே குவிந்து கிடப்பதை ஊர்மக்களும் சுற்றாடல் ஆர்வலரும் வெளிப்படுத்தினர். அம்மாதத்திலேயே ஆலை மூடப்பட்டது. 2003 இல் ஏறத்தாழ 290 தொன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டது. ஆலையின் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016 இலேதான். கொடைக்கானல் ஏரியின் நீரிலும் மீனிலும் இரசம் மிகுந்திருப்பதை 2006 இல் வெளியான இந்திய ஆய்வு எடுத்துக்காட்டியது.

மலையிலே அவ்வாறெனின், கடலிலே எவ்வாறு? இரசத்தால் மாசடைந்த இடங்களில் அதனை எதிர்க்கும் பற்றீரியாக்களே மிஞ்சிப் பெருகும். ஆதலால் அவற்றின் தொகை ஒரு கண்ணாடி போன்று நீரின் நிலையைக் காட்டிவிடும். கோவாவிலுள்ள இந்திய தேசிய கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த இராமையா, ஜெய்சங்கர் தே என்னும் ஆய்வாளர் இருவர் இந்தியக் கரையோர நீரைச் சோதித்தனர். இரசத்தை எதிர்க்கும் பற்றீரியாக்கள் 1990-களின் இறுதியாண்டுகளிலே வழக்கத்திற்கு மாறாகப் பெருகியிருப்பதை அவர்கள் 2003 இல் வெளியிட்டனர். அக்கரையைத் தழுவும் வங்காள விரிகுடாவே நம் கரையையும் தழுவுகின்றது என்பதை நினைவிற் கொள்க.

இரு பகைக்கு ஒரே கவசம்

இப்பற்றீரியாக்களைப் பற்றி வைத்தியர்கள் கவலைப்படுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. "மேர்" கூட்டம் பெரும்பாலும், ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவல்ல பரம்பரைத் துணுக்குகளிலே அமைந்திருக்கின்றது. அத்துணுக்குகள் பலவற்றிலே, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலும் கூடவே இருக்கின்றது. 1950-களின் பிற்பகுதியில் ஜப்பானிலே வயிற்றுளைவுக் கிருமியிற் கண்டெடுத்த ஒரு துணுக்கு, சல்பா மருந்து, ஸ்திரெப்தோமைசின், குளோரம்பெனிகோல், தெத்திராசைக்கிளின் ஆகிய நான்கையும் எதிர்க்கும் ஆற்றலோடு இரசத்தை எதிர்க்கும் ஆற்றலையும் ஒருங்கே தாங்கியிருந்தது.

இதன் பொருள் யாது? நீரிலும் சேற்றிலும் இரசத்தைக் கொட்டினால், இரசத்தை எதிர்க்கும் கிருமிகள் மட்டுமே மிஞ்சும். அவற்றோடு மருந்தை எதிர்க்கும் ஆற்றலும் பெருகிவிடும். 1993 இல் சம்மர்சும் அவருடைய துணைவர்களும், குரங்குகளின் பற்களிலே இரசக் கலவையை அடைத்துப் பார்த்தபோது, அவற்றின் வாயிலும் குடலிலும் இரு ஆற்றலையும் ஒருங்கே பெற்ற பற்றீரியாக்கள் பெருகியதைக் கண்டனர். நாம் ஒரு நஞ்சைக் கவனமின்றிக் கையாண்டால், நம் மருந்துப் பெட்டியின் வலிமையையும் இழக்க நேரிடும்.

இந்த ஆற்றல் மனிதன் செய்த ஆலைகளாலே பிறந்ததன்று. சைபீரியாவின் உறைநிலத்திலே பல்லாயிரம் ஆண்டுகளாகப் புதைந்திருந்த பற்றீரியாக்களிலும் அது காணப்பட்டது. எரிமலை இரசத்தோடு பண்டு தொட்டே போராடிப் பழகியவை அவை. நாம் செய்ததெல்லாம், அந்தப் பழைய ஆயுதத்திற்குப் புதிய போர்க்களங்களைத் திறந்து கொடுத்ததே.

அறிவுள்ள மனிதன் பகையையும் பயனாக்குவான். 2000 இல் ஜெர்மனிய ஆய்வாளர் வாக்னர்-டோப்லர் குழுவினர், ஆலையொன்றின் கழிவுநீரை, இரசத்தை எதிர்க்கும் பற்றீரியாக்கள் குடியேறிய நுரைக்கற்கள் நிறைந்த தொட்டியினூடாகச் செலுத்தினர். பற்றீரியாக்கள் இரசத்தை உலோகமாக்கின. ஆவியாகித் தப்ப வழியின்றி அது துளிகளாகத் திரண்டு தொட்டியிலேயே தங்கிவிட்டது. பற்றீரியாவால் தனியே முடியாத ஒன்று, தெருவிலே கொட்டும் குப்பையைச் சேர்த்து வைப்பது. மனிதன் துணைநின்றால் அதுவும் கைகூடும். சம்மாந்துறையிலும் ஒலுவிலிலும் விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர்க்கு இத்துறை வரவேற்பு வாயிலைத் திறந்து நிற்கின்றது.

வீட்டிலே செய்யத்தக்கவை

மினமாட்டாவின் பெயரையே தாங்கிய அனைத்துலக உடன்படிக்கை 2013 இல் நிறைவேறி, 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அவ்வாண்டிலே அதனை உறுதி செய்தது. ஆயினும் சட்டம் அடுக்களை வரை வந்து காவல் நிற்பதில்லை. எனவே குடும்பத்தார் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று.

பழைய வெப்பமானி உடைந்தால் சிறுவரை அப்புறப்படுத்தி, சன்னல்களைத் திறந்துவிடுக. தும்புத்தடியாற் கூட்டுதல் கூடாது. கூட்டினால் துளிகள் மேலும் சிதறும். தடித்த கடதாசி மட்டையால் அவற்றை ஒன்று சேர்த்து, மூடியுள்ள போத்தலில் இட்டு இறுக மூடுக. இடுக்குகளில் எஞ்சிய துளிகளின் மேல் கந்தகத்தூள் தூவினால் அது அவற்றைப் பற்றிக்கொள்ளும். மலசலகூடத்திலோ வாய்க்காலிலோ கொட்டுதல் கூடவே கூடாது. எரிந்துபோன குழல் விளக்குகளை உடைத்தெறிவதும் தவறு. அவற்றிலும் இரசம் உண்டு. பட்டறையிலே இரசம் கலந்த பொன்னைக் காய்ச்சும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருப்பின், அந்த ஆவி நெஞ்சினுட் புகுவதை உணர்ந்து அதனைக் கைவிடல் வேண்டும். சருமத்தை வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் கிறீம்கள் சிலவற்றிலே இரசம் கலந்திருப்பது பல நாடுகளிலும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. பெயரும் முகவரியும் இல்லாத அத்தகைய டப்பாக்களைப் பெண்மக்கள் வாங்காதிருப்பதே அறிவுடைமை.

மீனைப் பற்றி அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. மினமாட்டாவிலிருந்தது போன்ற ஆலை எதுவும் நமது கரையிலே இல்லை. மேலும், மீன் தரும் நன்மை பெரிது. வளரும் குழந்தையின் மூளைக்கும் அது வேண்டும். நெத்தலி, சூடை, கீரி போன்ற சிறுமீன்களில் இரசம் மிகக் குறைவு. நெடுங்காலம் வாழ்ந்து பிற மீன்களைத் தின்று கொழுத்த சுறா, வாள்மீன், பெரிய சூரை இனங்களிலேயே அது மிகுதி. பெரிய மீன்களுக்கு ஐரோப்பிய நாடுகள் விதித்திருக்கும் எல்லை ஒரு கிலோகிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரசம். ஆகையால் கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் கரைவலையில் வரும் சிறுமீன்களையே பெரிதும் உண்பது நலம். விலையிலும் அது மலிவன்றோ!

நுண்ணுயிர் தன் உயிரைக் காக்க நஞ்சைக் காற்றிலே விட்டுவிட்டது. அதற்கு அதனினும் மேலான வழி தெரியாது. நமக்கோ அந்நஞ்சு எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது, எவ்வாறு திரும்பி நம் உணவுத் தட்டிற்கு வருகின்றது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பின்னும் அதனை வாய்க்காலிலே ஊற்றுவோமாயின், குற்றம் நுண்ணுயிருடையதன்று, நம்முடையதே.